ஃபேர்வே விரிப்பு

ஃபேர்வே விரிப்பு என்பது குளிர்காலத்தில் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) ஆடுகளத்தின் புல்தரை பெயர்ந்து போகாமல் காப்பதற்காக ஆட்டக்காரர்கள் கையோடு எடுத்துச் செல்லும் சிறிய செயற்கைப் புல் துண்டு ஆகும். பந்து ஃபேர்வே எனப்படும் புல்வெளியில் கிடந்தால், அதை எடுத்து இவ்விரிப்பின்மேல் வைத்து அடிக்க வேண்டும். அடித்த பிறகு விரிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும், குறிப்பாக ஸ்காட்லாந்தின் கடலோர ஆடுகளங்களிலும் இப்பழக்கம் காணப்படுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள உலகப் புகழ்பெற்ற பழைய ஆடுகளத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை விரிப்பைப் பயன்படுத்துவது கட்டாயமாக இருந்து வருகிறது.

ஆடுவதற்குப் போதுமான மிதவெப்பம் உண்டு, ஆனால் புல் வளர்வதற்குப் போதுமான வெப்பம் இல்லை என்ற நிலை சில நாடுகளின் குளிர்காலத்துக்கே உரியது. ஃபேர்வே விரிப்பு அந்த நிலையிலிருந்து பிறந்த தீர்வு.

ஆடுகளத்தின் பகுதிகள்

விரிப்பின் பயனை அறிய, ஆடுகளத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது நல்லது. முழு ஆடுகளம் ஒன்றில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்குமான ஆட்டம் டீ எனப்படும் தொடக்க மேடையில் தொடங்கும். அங்கிருந்து அடிக்கப்படும் பந்து, ஒட்ட வெட்டப்பட்ட அகன்ற புல்வெளியில் விழ வேண்டும். இதுவே ஃபேர்வே. இதன் இருபுறமும் புல் உயரமாக வளரவிடப்பட்ட பகுதி ரஃப் எனப்படும். இடையிடையே பங்கர் எனப்படும் மணற்குழிகள் இருக்கும். இறுதியில் குழி அமைந்துள்ள, மிக நுண்மையாக வெட்டப்பட்ட பகுதி கிரீன் ஆகும்.

ஃபேர்வேயின் புல் பொதுவாக 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வெட்டப்படுகிறது. நன்றாக அடிக்கும் ஆட்டக்காரர்களின் பந்துகள் பெரும்பாலும் இங்கேயே விழுவதால், இரும்பு மட்டைகளின் அடியை மிகுதியாகத் தாங்குவதும் இப்பகுதியே.

டிவாட்

இரும்பு மட்டையால் பந்தைச் சரியாக அடிக்கும்போது மட்டை முதலில் பந்தைத் தொடும். பிறகு தரையைச் சீவிக்கொண்டு செல்லும். அப்போது மண்ணோடு சேர்ந்து ஒரு புல்துண்டு பெயர்ந்து பறக்கும். பெயர்ந்த துண்டும் அதனால் ஏற்பட்ட பள்ளமும் டிவாட் என்றே அழைக்கப்படுகின்றன. டிவாட் எடுப்பது ஆட்டக்காரரின் பிழையன்று. முறையான அடியின் இயல்பான விளைவு அது.

நாள்தோறும் இயந்திரத்தால் வெட்டினாலும் கெடாத புல், ஒரு மட்டையடியில் ஏன் கெட வேண்டும் என்ற வினா எழலாம். இதற்கான விடை புல்லின் உடலமைப்பில் உள்ளது. புல்லின் வளர்முனை இலை நுனியில் இல்லை. தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதியில், மண்ணை ஒட்டி அமைந்துள்ளது. வெட்டும் இயந்திரம் இலையை மட்டுமே வெட்டுகிறது. அடியிலிருந்து இலை மீண்டும் வளர்கிறது. ஆடு மாடு மேய்ந்த புல் துளிர்ப்பதும் இவ்வாறே. ஆனால் டிவாட் வளர்முனையையும் வேரையும் சேர்த்துப் பெயர்த்துவிடுகிறது. எனவே அந்த இடத்தில் துளிர்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. பக்கத்துப் புல் பரவி வர வேண்டும். அல்லது புதிய விதை முளைக்க வேண்டும்.

கோடையில் இது பெரிய சிக்கல் அன்று. பெயர்ந்த துண்டை உடனே பள்ளத்தில் வைத்து மிதித்துவிட்டால் சில வேளைகளில் அது மீண்டும் வேர் பிடிக்கும். இல்லையேல் மணலும் மண்ணும் புல்விதையும் கலந்த கலவையால் பள்ளத்தை நிரப்புவர். சில வாரங்களில் பள்ளம் மூடிவிடும். குளிர்காலத்தில் இவ்விரண்டு வழிகளும் பயன் தருவதில்லை.

குளிர்காலத்தில் புல்லின் நிலை

ஸ்காட்லாந்தின் கடலோர ஆடுகளங்களில் ஃபெஸ்க்யூ, பென்ட் ஆகிய மெல்லிய புல்வகைகள் சிறப்பாகப் போற்றப்படுகின்றன. இவை குளிர்நாட்டுப் புற்கள். ஆயினும் மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இவற்றின் வளர்ச்சியும் நின்றுவிடும். விதை முளைக்க இதைவிடக் கூடுதலான வெப்பம் வேண்டும். ஆகவே நவம்பரில் நிரப்பப்பட்ட பள்ளத்தில் உள்ள விதை வசந்தகாலம் வரை அப்படியே கிடக்கும். மழையில் அடித்துச் செல்லப்படுவதும் உண்டு.

வெப்பத்தோடு ஒளியும் குறைகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் வடக்கு அட்சரேகை 56 டிகிரியில் உள்ளது. டிசம்பர் மாத இறுதியில் அங்குப் பகல்பொழுது ஏறத்தாழ 7 மணி நேரமே. அதே நாளில் சென்னையில் பகல் 11 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். தாழ்ந்து செல்லும் சூரியனின் சாய்ந்த ஒளியில் புல்லால் போதிய உணவு தயாரிக்க இயலாது.

இங்கு மற்றொரு கூறும் உண்டு. கடலோர ஆடுகளங்களின் மண் மணற்பாங்கானது. நீர் தேங்காமல் வடிந்துவிடுவதால், உள்நாட்டுக் களிமண் ஆடுகளங்கள் சேறாகிக் கிடக்கும் மாதங்களிலும் இங்கு வசதியாக ஆடலாம். இதனாலேயே குளிர்காலத்திலும் ஆட்டக்காரர்கள் இவற்றை நாடி வருகின்றனர். ஆனால் மணற்பாங்கான மண்ணில் சத்து குறைவு. புல் மெதுவாகவே வளரும். பெயர்ந்த இடம் மெதுவாகவே ஆறும். காற்று பலமாக வீசும் இடங்களில் மூடப்படாத பள்ளத்திலிருந்து மணல் பறந்து பள்ளம் பெரிதாகவும் கூடும்.

சேதத்தின் அளவு: ஒரு கணக்கு

சேதத்தின் அளவை உணர எளிய கற்பனைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டக்காரர் ஒரு சுற்றில் ஃபேர்வேயிலிருந்து 15 முறை புல் பெயரும்படி அடிக்கிறார் என்று கொள்வோம். ஒரு நாளில் 100 பேர் ஆடினால் 1,500 டிவாட்டுகள். 30 நாட்களில் 45,000. ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்றால், பெயர்ந்த பரப்பு மொத்தம் 225 சதுர மீட்டர். இது 2,400 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதல். அதாவது தமிழ்நாட்டு மனைக்கணக்கில் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு. ஐந்து மாதக் குளிர்காலத்தில் ஐந்து கிரவுண்டு.

முழு ஆடுகளத்தின் பரப்போடு ஒப்பிட்டால் இது சிறிதாகத் தோன்றும். ஆனால் டிவாட்டுகள் எங்கும் சமமாகப் பரவுவதில்லை. டீயிலிருந்து அடிக்கும் பந்துகள் விழும் இடம் ஏறக்குறைய ஒன்றே. கடலோர ஆடுகளங்களில் தரை மேடும் தாழ்வுமாக இருப்பதால், உருளும் பந்துகள் அதே தாழ்வுகளில் வந்து சேர்கின்றன. அந்தச் சில இடங்களில் அடிமேல் அடி விழுந்து, வசந்தகாலத்தில் புல்லே இல்லாத திட்டுகள் தோன்றும். கோடையில் பலர் வந்து ஆடும்போது அவர்களின் பந்துகளும் அதே தாழ்வுகளில்தான் விழும்.

விரிப்பின் அமைப்பு

ஃபேர்வே விரிப்பு பொதுவாக ஓர் அடி நீளமும் அதைவிடக் குறைந்த அகலமும் கொண்டிருக்கும். மேற்பரப்பில் செயற்கை இழைகளால் ஆன குட்டைப் புல் அமைந்திருக்கும். அடிப்பகுதி மட்டையின் வேகத்தைத் தாங்கும் உறுதியான பின்னணியால் ஆனது. எளிதில் சுருட்டி அல்லது மடித்து மட்டைப் பையில் தொங்கவிடலாம். சில விரிப்புகளில் கயிறோ பட்டையோ இணைக்கப்பட்டிருக்கும். அடித்தவுடன் விரிப்பு பறந்து போகாமல் இருக்கவும், குனியாமல் எடுக்கவும் இது உதவும். சில விரிப்புகளை முனையில் டீ ஆணி குத்தி நிலத்தோடு பொருத்திக்கொள்ளலாம்.

பயிற்சிக் கூடங்களில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும் பெரிய விரிப்புகளும், குளிர்காலத்தில் டீ மேடைகளில் போடப்படும் விரிப்புகளும் வேறு. அவை ஓரிடத்திலேயே இருப்பவை. ஃபேர்வே விரிப்பு ஆட்டக்காரரோடு சுற்று முழுவதும் செல்வது.

பயன்படுத்தும் முறை

விரிப்பைப் பயன்படுத்தும் வரிசை பின்வருமாறு:

1. பந்து ஃபேர்வேயில் கிடப்பதை உறுதி செய்து, அது கிடந்த இடத்தை அடையாளம் செய்ய வேண்டும்.
2. பந்தை எடுத்து, அந்த இடத்தில் விரிப்பை ஆடும் திசை நோக்கி நேராக விரிக்க வேண்டும். பந்தை முன்பிருந்ததைவிடக் குழிக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.
3. பந்தை விரிப்பின்மேல் வைத்து அடிக்க வேண்டும். மட்டை விரிப்பைச் சீவிச் செல்லும், தரையைத் தொடாது.
4. விரிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அடிக்குச் செல்ல வேண்டும்.

பந்து ரஃப் பகுதியில் கிடந்தால் விரிப்பு தேவையில்லை; கிடந்தபடியே அடிக்கலாம். மணற்குழியிலும் கிரீனிலும் விரிப்புக்கு இடமில்லை. கிரீனுக்கு அருகில் ஃபேர்வேயிலிருந்து பட்டர் எனப்படும் உருட்டு மட்டையால் பந்தை உருட்டும்போது புல் பெயர்வதில்லை என்பதால், பல இடங்களில் அதற்கு விரிப்பு கேட்கப்படுவதில்லை. எந்த ஆடுகளத்துக்கும் அதன் அறிவிப்புப் பலகையில் உள்ள விதியே இறுதியானது.

விதிகளும் விரிப்பும்

குழிப்பந்தாட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, பந்தைக் கிடந்தபடியே ஆட வேண்டும் என்பது. பந்தை எடுத்துச் செயற்கைப் பரப்பில் வைப்பது இக்கொள்கைக்கு முரணானதாகத் தோன்றும். எனவே ஆட்டக்காரர் தம் விருப்பப்படி போட்டியில் விரிப்பைப் பயன்படுத்த இயலாது. ஆடுகளத்தை நடத்தும் குழு அதற்கென உள்ளூர் விதி ஒன்றை இயற்ற வேண்டும். ஆட்ட விதிகளை உலக அளவில் வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் குழிப்பந்தாட்டச் சங்கமும், ஆடுகளத்தைக் காப்பதற்காகக் குழுக்கள் உள்ளூர் விதிகளை அமைத்துக்கொள்ள வழி செய்துள்ளன.

‘குளிர்கால விதி’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் மற்றோர் உள்ளூர் விதியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவ்விதிப்படி, ஃபேர்வேயில் சேற்றிலோ மோசமான இடத்திலோ கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து, அருகிலேயே நல்ல புல்லில் வைத்து அடிக்கலாம். அது ஆட்டக்காரருக்கு நியாயம் செய்வதற்கான விதி. அடிக்கும்போது நல்ல புல்லே பெயரும் என்பதால் தரையை அது காப்பதில்லை. விரிப்பு விதியோ தரைக்கு நியாயம் செய்வது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய ஆடுகளம்

ஃபேர்வே விரிப்புக்குப் பெரிதும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய ஆடுகளம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் பகுதியில் இது அமைந்துள்ளது. இங்கு ஆடவும் இந்நிலத்தைப் பயன்படுத்தவும் ஊர்மக்களுக்குள்ள உரிமையை 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டனின் சாசனம் உறுதிப்படுத்தியது. இன்றும் இது தனியார் சங்கம் ஒன்றின் சொத்து அன்று, பொது நிலம். 1974இல் இயற்றப்பட்ட நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் அறக்கட்டளை இதை நிர்வகிக்கிறது. உள்ளூர்வாசிகளும் உலகின் பல பகுதிகளிலிருந்து வரும் பயணிகளும் இங்கு ஆடலாம். ஆண்டுக்கு 40,000க்கும் மேற்பட்ட சுற்றுகள் இங்கு ஆடப்படுகின்றன.

இவ்வளவு பேர் மிதிக்கும் நிலத்துக்கு ஓய்வு தேவை என்பது இங்கு நெடுங்காலமாக உணரப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வாடுகளத்தைப் பராமரித்த ஓல்ட் டாம் மாரிஸ், தரைக்கு மணலிட்டுப் புல்லைச் செழிக்கச் செய்தவர் என்று போற்றப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு விடுமுறை அளிக்கும் மரபு இன்றும் தொடர்கிறது. அன்று ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் ஃபேர்வேக்களில் உலாவுவர். வாரந்தோறும் ஒரு நாள் ஓய்வு என்பதுபோல, ஆண்டுதோறும் ஃபேர்வேக்களுக்குக் கிடைக்கும் ஓய்வாகக் குளிர்கால விரிப்பு விதியைக் கருதலாம்.

இதன் பயன் கோடையில் தெரியும். ஓபன் சாம்பியன்ஷிப் போட்டி ஜூலை மாதத்தில் நடைபெறும். 2022இல் அதன் 150ஆவது போட்டி இதே ஆடுகளத்தில்தான் நடந்தது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஆடும் அதே ஃபேர்வேயில், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு உள்ளூர்க் கடைக்காரரும் கல்லூரி மாணவரும் விரிப்பைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பர். கார்னூஸ்டி போன்ற வேறு சில புகழ்பெற்ற கடலோர ஆடுகளங்களிலும் குளிர்காலத்தில் விரிப்பு வழக்கில் உள்ளது.

பிற குளிர்காலக் காப்பு முறைகள்

விரிப்பு, டிவாட்டைத் தடுப்பதற்கு மட்டுமே. குளிர்காலத்தில் புல்தரைக்கு நேரும் பிற சேதங்களுக்கு வேறு வழிகள் கையாளப்படுகின்றன.

உறைபனி: இலையில் உள்ள நீர் உறைந்திருக்கும்போது அதன்மேல் நடந்தால் உயிரணுக்கள் நொறுங்கும். பனி விலகியபின் காலடித் தடங்கள் கருகிய நிறத்தில் தெரியும். நீலகிரியில் டிசம்பர், சனவரி மாத உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. எனவே பனி விலகும்வரை ஆட்டம் தொடங்குவதைத் தள்ளிவைப்பர்.

தற்காலிக கிரீன்: மேல்மண் இளகி, அடிமண் உறைந்திருக்கும் வேளையில் கிரீனில் நடந்தால் வேர்கள் அறுபடும். அப்போது கிரீனுக்கு முன்னால் ஃபேர்வேயிலேயே ஒரு பகுதியை ஒட்ட வெட்டித் தற்காலிகக் குழி அமைப்பர்.

வண்டிக் கட்டுப்பாடு: ஈரமண் சக்கரங்களால் இறுகி நீர் இறங்காமல் போகும். ஆகவே தள்ளுவண்டிகளுக்குத் தடை விதிப்பதும், ஆட்டக்காரர் நடக்கும் வழியைக் கயிறு கட்டி மாற்றிவிடுவதும் உண்டு.

ரஃபுக்கு மாற்றுதல்: ஃபேர்வேயில் கிடக்கும் பந்தைப் பக்கவாட்டில் உள்ள ரஃப் ஓரத்துக்கு எடுத்துச் சென்று அடிக்கச் செய்வது விரிப்புக்கு நேரடி மாற்று. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இயற்கைப் புல்லிலிருந்தே அடிக்கலாம். ஆனால் சேதம் நின்றுவிடுவதில்லை. ஃபேர்வேயிலிருந்து அதன் ஓரத்துக்கு இடம் மாறுகிறது.

விரிப்பு வழக்கில் இல்லாத நாடுகள்

குளிர்நாடுகள் அனைத்திலும் விரிப்பு பயன்படுவதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸும் மாஸ்கோவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. மாஸ்கோவில் குளிர்காலத்தில் தரை பனியால் மூடப்படும், ஆட்டமே இல்லை. கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஆடுகளங்கள் மாதக்கணக்கில் மூடப்படுகின்றன. மூடியிருக்கும் ஆடுகளத்துக்கு விரிப்பு வேண்டியதில்லை. பிரித்தானியத் தீவுகளுக்கோ அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டமும் மேற்கிலிருந்து வீசும் காற்றும் மிதமான குளிர்காலத்தைத் தருகின்றன. சனவரியிலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 6, 7 டிகிரி செல்சியசு அளவில் இருக்கும். கம்பளிச் சட்டை அணிந்து ஆடிவிடலாம். ஆனால் புல் வளராது.

வெப்ப நாடுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு ஃபேர்வேக்களில் பெரும்பாலும் அறுகம்புல்லோ அதன் கலப்பினங்களோ வளர்க்கப்படுகின்றன. உலக அளவில் பெர்முடா புல் எனப்படுவது நம் அறுகம்புல்லே. இது தரைக்கு மேல் ஓடும் தண்டுகளாலும் தரைக்குள் ஓடும் தண்டுகளாலும் பரவி, பெயர்ந்த இடத்தை விரைவில் மூடிவிடும். மணமக்களை அறுகுபோல் வேரூன்றி வாழ்க என்று வாழ்த்தும் வழக்கம் இப்புல்லின் இந்த இயல்பை ஒட்டியதே. ஆண்டு முழுவதும் வெயில் உள்ள இடங்களில் இப்புல்லுக்கு விரிப்பின் துணை தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குளிர்காலத்தில் அறுகு பழுப்பு நிறமாகி உறங்கும். அங்கு இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரை புல்லை விதைத்துப் பசுமையைத் தொடரச் செய்யும் வழக்கம் உள்ளது.

குறைகளும் மாற்றுக் கருத்துகளும்

ஃபேர்வே விரிப்பை விரும்பாதவர்களும் உள்ளனர். அவர்கள் கூறும் காரணங்களில் நியாயம் உண்டு.

முதலாவதாக, அடியின் தன்மை மாறுகிறது. புல்தரையில் மட்டை சற்றுப் பிந்தித் தரையில் இறங்கினால் பந்து தூரம் போகாது. பிழை உடனே தெரியும். விரிப்பின்மேல் மட்டை வழுக்கிச் சென்று பந்தை அடித்துவிடும். பிழை மறைந்துபோவதால் கற்பவருக்கு இது தீய பழக்கத்தை உண்டாக்கலாம். மாறாக, பந்து எப்போதும் சீரான பரப்பில் இருப்பது தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கு நம்பிக்கை தருகிறது என்போரும் உண்டு.

இரண்டாவதாக, ஆட்டம் சற்றுத் தாமதமாகிறது. ஒவ்வோர் அடிக்கும் விரிப்பை விரித்து எடுக்க வேண்டும். மறந்து விட்டுவந்தால் திரும்பி நடக்க வேண்டும்.

மூன்றாவதாக, வாழ்நாளில் ஒருமுறை செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட வேண்டும் என்று தொலைவிலிருந்து வருபவருக்கு, அந்த மண்ணைத் தொடாமல் செயற்கைப் புல்லிலிருந்து அடிப்பது ஏமாற்றமாக இருக்கும். குளிர்காலக் கட்டணம் கோடையைவிடக் குறைவு என்பது இதற்கு ஓரளவு ஈடு. பயணத்தைத் திட்டமிடுபவர்கள் மாதத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

நான்காவதாக, விரிப்பு நெகிழி இழையால் ஆனது. நைந்த விரிப்பிலிருந்து உதிரும் இழைகள் மட்காமல் மண்ணில் தங்கும். நைந்தவற்றை உரிய காலத்தில் மாற்றுவது ஆடுகளத்தை நடத்துவோரின் பொறுப்பு.

இக்குறைகளுக்கு எதிரே வைக்க வேண்டியது, விரிப்பு இல்லையெனில் உள்ள வழிகள் என்ன என்பது. ஆடுகளத்தைக் குளிர்காலம் முழுவதும் மூடிவிடலாம். ஊர்மக்கள் ஐந்து மாதம் ஆட இயலாது. திறந்து வைத்துப் புல்லைப் பெயரவிடலாம். கோடையில் வருபவர்கள் வெற்றுத் திட்டுகளில் ஆட வேண்டும். விரிப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. குளிர்காலத்தில் ஆடுபவர் ஆட்டத்தின் சுவையில் சிறிதளவை விட்டுக்கொடுக்கிறார். அதன் பயனை வசந்தகாலத்துக்குப் பின் அங்கு ஆட வருபவர்கள் அனைவரும் பெறுகிறார்கள்; அவர்களுள் பெரும்பாலானவர்களை அவர் ஒருபோதும் சந்திப்பதில்லை.